அப்பா இருக்கிற ஒரு படம்

கல்யாணப் பெண்கள் புகைப்படக்காரியிடம் கேட்பதற்கு அளவே கிடையாது. முகப்பரு தெரியக் கூடாது, அத்தை குண்டாகத் தெரியக் கூடாது, பின்னால் ஏரி நீலமாக இருக்க வேண்டும், மேகம் வந்துவிட்டால் அதற்கும் இவள்தான் பொறுப்பு. இந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்கப்பா இருக்கற மாதிரி ஒரு படம் வேணும்க்கா. மத்ததெல்லாம் சொதப்பினாலும் பரவால்ல. அந்த ஒண்ணு எடுக்காம வீட்டுக்குப் போயிடாதீங்க."

இதென்ன பெரிய காரியம் என்று தோன்றும். அப்பா யாரென்று தெரிந்தால் தோன்றாது. முப்பது வருடமாக ஸ்டூடியோ வைத்திருப்பவர். எதைப் பார்த்தாலும் "ஆங்கிள் சரியில்ல" என்பதால் ஊரே அவரை ஆங்கிள்காரர் என்றுதான் சொல்லும். எதிர்த் தெருவில் இவள் கடை திறந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். தன் வாடிக்கையாளர்களைக் கொத்திக்கொண்டு போகிறாள் என்ற வயிற்றெரிச்சலில் அவர் வைத்த பெயர்தான் கழுகு. கண் கூர்மையைப் பார்த்து வைத்த பெயர் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தப் போகவில்லை.

அந்த வீட்டு ஆல்பங்களை மணப்பெண் கொண்டுவந்து காட்டியிருந்தாள். அம்மா மடியில் குழந்தை, மூன்று சக்கர சைக்கிள், பள்ளிச் சீருடை, பட்டமளிப்பு அங்கி. ஒவ்வொன்றும் கழுகுக்கே பொறாமை வரும்படியான படம். ஒன்றில்கூட அப்பா இல்லை. எடுத்ததே அவர் என்னும்போது எப்படி இருப்பார்?

"புதுசா பாக்கறவங்க எனக்கு அப்பாவே இல்லன்னு நினைச்சுப்பாங்க," என்றாள் பெண். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கழுகுக்குச் சுருக்கென்றது.

போதாக்குறைக்கு, ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் எழுந்தபோது அவருடைய முகத்தின் இடது பாதி செயலிழந்து போயிருந்தது. கை காலுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வாயின் இடது ஓரம் தொங்கிவிட்டது, இடது கண் மூடுவதில்லை, அதிலிருந்து சதா நீர் வழிந்துகொண்டே இருக்கும். கேமராவுக்குப் பின்னால் நின்றே பழகிய மனிதருக்கு இப்போது அங்கிருந்து நகராமலிருக்க ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

கல்யாணம் ஏரிக்கரையில், பெண்ணின் தாய்மாமன் வீட்டில். கூடத்து சோபாக்களை மாடிக்கு ஏற்றிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். குளியலறைத் தொட்டி நிறைய பூங்கொத்துகள் மிதந்ததால் யாராலும் குளிக்க முடியவில்லை, மாமன் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கக் கதவைத் திறந்தால் புல்தரை சரிந்து இறங்கி ஏரியில் முடியும். அங்கே படகைக் கட்டி வைப்பதற்கு ஒரு மரத்துறை நீருக்குள் நீண்டிருந்தது. கழுகு முதல் நாளே வந்து பார்த்து வைத்திருந்தாள். ஐந்தேமுக்கால் மணிக்கு எதிர்க்கரைக் குன்றுக்குப் பின்னால் சூரியன் போய்விடும். அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

மூன்று மணிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிள்காரர் பெண்ணின் பக்கத்தில் இருந்தார், ஆனால் படத்தில் இல்லை. மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். எங்கே நின்றால் படத்துக்குள் விழமாட்டோம் என்று அளந்து வைத்த மாதிரி தெரிந்தது அவருக்கு. கழுகு அகலமான லென்ஸை மாட்டினாள். அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டடி தள்ளிப்போய் நின்றார். அத்தனை படங்களில் அவருடையது என்று சிக்கியது ஒரு முழங்கை மட்டும்தான்.

'இருய்யா, உன்னை விட்டேனா பார்,' என்று அவள் மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

குடும்பப் படத்துக்கு எல்லோரையும் வீட்டுப் படிக்கட்டில் வரிசையாக நிறுத்தினாள். ஆங்கிள்காரரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொண்டுவந்து பெண்ணுக்குப் பக்கத்தில் விட்டாள். ஒன்று, இரண்டு எண்ணி மூன்று சொல்லும்போது அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடி எடுத்தாள். மறுபடியும் கைக்குட்டை. மூன்றாவது தடவை, "மச்சானைக் காணோமே, கூட்டிட்டு வரேன்," என்று நழுவினார். மச்சான் இரண்டாவது படியில் கல் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"அவரு வரமாட்டாரும்மா, விட்டுடு," என்றாள் அவர் மனைவி, தணிந்த குரலில். "வீட்டுல ஷேவ் பண்ற கண்ணாடியக்கூட திருப்பி வெச்சிருக்காரு. தடவிப் பாத்துதான் ஷேவ் பண்றாரு."

"விடறதுக்கு நான் வரலம்மா," என்றாள் கழுகு.

தேடிப்போனாள். துறைக்குப் பக்கத்தில் இருந்த படகுக் கொட்டகையில், கவிழ்த்து வைத்த படகின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, பொண்ணு மாப்பிள்ளைய விட்டுட்டு என் பின்னாடி என்ன சுத்தறீங்க?"

"உங்க பொண்ணு கேட்டது உங்களத்தான் சார்."

மறைக்க எதுவுமில்லை என்பது போல அவர் அவளை நேராகத் திரும்பிப் பார்த்தார்.

"நானே எத்தனை பேர ஓரமா நிக்க வெச்சிருக்கேன் தெரியுமா? மாறுகண்ணா, தலைய அந்தப் பக்கம் திருப்புங்க. தழும்பா, முந்தானைய இழுத்து விடுங்க. ஒரு கல்யாணத்துல பொண்ணோட சித்தப்பாவுக்கு வாய் கோணல். அவர பூச்சட்டிக்குப் பின்னாடி நிக்க வெச்சேன். அவரும் ஒரு வார்த்தை சொல்லாம போய் நின்னாரு. கல்யாணப் படம் காலத்துக்கும் இருக்கறது, லட்சணமா இருக்கணும்னு நான்தான் எல்லாருக்கும் பாடம் எடுத்தேன். இப்ப எனக்குன்னா மட்டும் வேற நியாயமா?"

கழுகும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். ஆனால் மணி ஐந்தேகால் ஆகியிருந்தது, அவளுக்கு ஒரு படம் வேண்டும்.

"சரி சார். வலது பக்கம் மட்டும். நீங்க ஏரியப் பாத்து நில்லுங்க, பொண்ணு உங்க வலது தோள்ல சாயட்டும். இடது பக்கம் இருட்டுல போயிடும். உங்களுக்குத் தெரியாததா?"

அவர் யோசித்தார். வெளியே எட்டிப் பார்த்து வெளிச்சத்தை அளந்தார். "துறையோட கடைசிப் பலகைல நின்னா சரியா வரும்," என்று எழுந்தார். கழுகுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

துறையின் கடைசிப் பலகையில் அப்பாவும் பெண்ணும் நின்றார்கள். கன்னத்தை இவ்வளவு திருப்ப வேண்டும், தோளை இவ்வளவு இறக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் அவரே சொல்லிக்கொண்டார். கழுகு எடுத்தாள். தங்க வெளிச்சம், அமைதியான ஏரி, கம்பீரமான ஒரு பக்கவாட்டு முகம். அவள் தொழிலில் எடுத்த நல்ல படங்களில் அதுவும் ஒன்று. ஜெயித்துவிட்டோம் என்று கேமராவைப் பெண்ணிடம் நீட்டினாள்.

பெண் திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகம் மாறியது.

"இது பாதி அப்பாக்கா."

"நல்லாருக்கேம்மா..."

"நல்லாருக்கு. யாரோ மாதிரி இருக்காரு. தினம் காலைல எனக்கு காபி குடுக்கறவரு இவரில்ல. நான் பாதி அப்பா கேக்கல."

கழுகின் காது சூடானது. பூச்சட்டிக்குப் பதிலாக இவள் இருட்டை வைத்திருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். வெட்கமாக இருந்தது. குன்றின் விளிம்பைச் சூரியன் தொட்டுவிட்டது. இன்னும் நாலைந்து நிமிடம்.

பெண் அப்பாவின் இடது பக்கம் போனாள். தொங்கிய அந்தக் கன்னத்தோடு தன் கன்னத்தை ஒட்ட வைத்துக்கொண்டாள்.

"வேணாம்மா, அலங்காரம் கெட்டுடும். கண்ணுத் தண்ணி படும்."

"படட்டும்."

"நேரா பாருங்க சார்," என்றாள் கழுகு. குரல் அவளுக்கே தெரியாமல் உயர்ந்திருந்தது. "இத்தனை நேரம் நீங்க சொன்னத நான் கேட்டேன். இப்ப நான் சொல்றத நீங்க கேளுங்க. லென்ஸப் பாருங்க."

"அசிங்கமா விழும்மா. இந்தக் கண்ணு மூடவே மூடாது."

"கல்யாணப் படத்துல யார் சார் கண்ண மூடச் சொன்னா? படிக்கட்டுல எடுத்தேனே, முப்பது பேர்ல பாதிப் பேர் கண்ண மூடிட்டாங்க. உங்க மச்சான் மூணு தடவையும் தூங்கிட்டாரு. மூடாத கண்ணுள்ள ஒரே ஆளு நீங்கதான், நீங்க போய் ஒளிஞ்சுக்கறீங்க!"

ஒரு விநாடி அவர் அவளை முறைத்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். வாய் வலது பக்கம் ஏறி, இடது பக்கம் வராமல், முழுக் கோணலாக ஒரு சிரிப்பு. கைக்குட்டை இருந்த சட்டைப்பையின் பக்கம் கை போகவே இல்லை. பெண்ணுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கழுகு விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"காட்டுங்க," என்று அவர் கையை நீட்டினார்.

ஏழு மாதமாகத் தன் முகத்தைப் பார்க்காத மனிதர். திரைக்குக் கையால் நிழல் கொடுத்துப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். தொங்கும் வாயை, நீர் வழியும் கண்ணை, அந்த நீர் பட்டு மை கலைந்த மகளின் கன்னத்தை. எங்கே அழித்துவிடச் சொல்வாரோ என்று கழுகு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் சூரியன் குன்றுக்குப் பின்னால் போய்விட்டது.

அவர் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"ஏய், நீயும் வாடி! நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கல!"

அவர் மனைவி தட்டைக் கையில் பிடித்தபடியே புல்தரையில் இறங்கி ஓடிவந்தாள்.

"வெளிச்சம் போயிடுச்சே சார்," என்றாள் கழுகு.

"போனா போகட்டும்," என்றார் ஆங்கிள்காரர், மனைவி நிற்பதற்கு இடம்விட்டு நகர்ந்துகொண்டே. "நீங்க எடுங்க."