மூன்றாம் எண் மோட்டார்

கல்வி என்பது மனிதனின் மூன்றாவது கண். அது திறந்துவிட்டால் உலகத்தில் எந்தப் பொருளும் தனக்குள் இருப்பதை மறைத்து வைக்க முடியாது. வேங்கிக்கால் ஊரைத் தாண்டி இருந்த ஒரு பொறியியல் கல்லூரியின் தாளாளர் ஒவ்வொரு பட்டமளிப்பு விழாவிலும் இதைச் சொல்வார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். பிள்ளைகள் சேராததால் கல்லூரியை மூடினார்கள். இப்போது அது கல்யாண மண்டபம். ஏசி உண்டு.

அங்கே எட்டு வருஷம் மின் இயந்திரங்கள் பாடம் நடத்திய சிவகணேஷ், எம்.இ., தங்க மெடல், தன் கல்யாணத்துக்கும் அந்த மண்டபத்தையே பேசியிருந்தான். மண்டபம் இருந்தது, முகூர்த்தம் இருந்தது, பெண் சாம்பவியும் சரி என்றிருந்தாள். பத்திரிகையில் மணமகன் பெயருக்குப் பக்கத்தில் எம்.இ. இருந்தது. அதற்குக் கீழே, எங்கே வேலை என்று போடுகிற வரிதான் காலி. அந்த வரி இல்லாமல் பத்திரிகை அடிக்கக் கூடாது என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். இன்று சாயங்காலம் வரை கெடு. சிவகணேஷின் அப்பா கபாலி குருக்கள் சம்பந்தியோடு அச்சகத்திலேயே காத்திருந்தார்.

ஆகவே சிவகணேஷ் சான்றிதழ் ஃபைலோடு கவுஸ் பாஷாவின் மோட்டார் பட்டறையில் நின்றான். சர்வீஸ் இன்சார்ஜ் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள்.

கவுஸ் பாஷா கையைத் துடைத்துக்கொண்டு ஃபைலை வாங்கினார். ஒரு பக்கம் புரட்டினார். மூடி, அழுக்குப் படாத நாற்காலியாகப் பார்த்து மரியாதையோடு வைத்தார்.

"நல்லா லேமினேஷன் பண்ணிகிறீங்க சார்."

"யுனிவர்சிட்டி ரேங்க் பாய்."

"போன வருஷம் உங்கள மாதிரியே ஒருத்தர வெச்சேன். அவரும் ரேங்க்தான். போர்வெல்ல எறக்கின மோட்டாரு மூணாம் நாளே பூட்ச்சு. விவசாயி வந்து என் சட்டையத்தான் பிடிச்சான். யுனிவர்சிட்டி சட்டையவா பிடிச்சான்?"

வாசலில் வண்டியோடு நின்ற கீழ்பென்னாத்தூர் கண்ணாயிரம் குரல் கொடுத்தார். "பாய், அங்க பயிரு வாடுது. படிச்ச கதைய அப்பால பேசுங்க."

"இதோ சாரு சொல்லிடுவாரு," என்றார் கவுஸ் பாஷா. மேசையில் மூன்று மோட்டார்கள் இருந்தன. "இதுல ஒண்ணுதான் சார் நல்லது. எது இவர் வண்டில ஏறலாம்? டெஸ்ட் லேம்ப், மெகர், ஸ்பேனர் எல்லாம் இங்கயே கீது. எது வேணா எடுத்துக்கோங்க."

சிவகணேஷ் எதையும் எடுக்கவில்லை. கல்லூரியில் கருவியைத் தொடுவது லேப் அசிஸ்டெண்ட் வேலை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுழலும் காந்தப்புலத்திலிருந்து ஆரம்பித்தான். கண்ணாயிரம் டயர் மேல் உட்கார்ந்தார்.

முதல் மோட்டாரில் கரி படிந்திருந்தது. இரண்டாவது நசுங்கி, சேறு காய்ந்து கிடந்தது. மூன்றாவது பச்சை பெயிண்டில் பளபளத்தது. அதில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'மெஷின்ஸ் லேப், எம்-3. தொடாதே.' அவன் கையெழுத்து. அந்நியர் கூட்டத்தில் ஒரு சொந்தக்காரரைப் பார்த்தது போல அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இது பாய். இத எனக்கு நல்லாத் தெரியும். எட்டு வருஷத்துல ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்ல."

"ஓட்டிப் பாத்துகிறீங்களா?"

"ஓட்டினா தேயும்னு பிரின்சிபால் சொல்வார். இன்ஸ்பெக்‌ஷனுக்குப் புதுசா இருக்கணும்ல. ரீடிங் எல்லாம் பழைய ரெக்கார்டப் பாத்து..." அவன் நிறுத்திக்கொண்டான்.

மூலையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த ரசியா பேகம் எழுந்து வந்தார். கவுஸ் பாஷாவின் தங்கை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

"தூக்கியாவது பாத்துகிறீங்களா சார்?"

கேட்டுக்கொண்டே மூன்றாம் எண்ணை ஒரு கையால் தூக்கி, காலிக் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டார். கண்ணாயிரம் சிரித்தே விட்டார். "அடங்கொய்யால!"

கவுஸ் பாஷா சிரிக்கவில்லை. "உள்ள காப்பரே இல்ல சார். வெறும் கூடு. பெயிண்ட் அடிச்சுக் குடுத்ததே நான்தான். 'வர்றவங்க வெளியதான் பாப்பாங்க, உள்ளாற எதுக்கு வீண் செலவு'ன்னாரு உங்க தாளாளரு. காலேஜ மூடினதும் பழைய இரும்போட எனக்கே திரும்பி வந்துச்சு." அவர் நாற்காலியில் இருந்த ஃபைலைப் பார்த்தார். "அதனாலதான் நான் இதெல்லாம் ஜாஸ்தி பாக்கறதில்ல. அங்க அடிச்ச பெயிண்ட பாத்தவன் நான்."

சிவகணேஷ் குரலைத் தாழ்த்தினான். "சம்பளம் வேணாம் பாய். சும்மா கூட நிக்கறேன். பத்திரிகையில மட்டும் உங்க கம்பெனி பேரப் போட்டுக்கறேன்."

"பொண்ணு வீட்ல வந்து விசாரிச்சா என்ன சொல்றது? இன்னொரு கூட்டுக்கும் பெயிண்ட் அடிக்கச் சொல்றீங்களா?"

ரசியா பேகம் நசுங்கிய மோட்டாருக்கு டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தார், எரிந்தது. மின்கசிவு பார்க்கிற மெகரை வைத்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினார். இரண்டு பேர் மூச்சுப் பிடித்து அதை வண்டியில் ஏற்றினார்கள். கண்ணாயிரம் போய்விட்டார்.

அலைபேசி அடித்தது. அப்பா.

"என்னடா ஆச்சு? ப்ரஸ்காரர் கேக்கறார். என்ன போடச் சொல்லட்டும்?"

"ஒண்ணும் போட வேண்டாம்ப்பா."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ செருப்பு மாட்டும் சத்தம்.

"சம்பந்தி எழுந்துண்டுட்டார்டா," என்றார் கபாலி குருக்கள். கொஞ்ச நேரம் கழித்து, "ஜாதகத்தையும் திருப்பிக் குடுத்துட்டார்," என்றார்.

ரசியா பேகம் மூன்றாம் எண்ணை மூலையில் கொண்டு வைத்தார். அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. எட்டு ஆயுத பூஜைக்கும் அதற்கு மந்திரம் சொல்லிக் கற்பூரம் காட்டியது சிவகணேஷ்தான்.