இருநூற்றுப் பதினான்கு பூச்சாடிகள்

எங்கள் அலுவலகத்தில் குடை என்றால் மழைக்கு மட்டும்தான். விளக்கு என்றால் வெளிச்சத்துக்கு மட்டும்தான். ஒரு நாவலில் யாராவது பறவைக்கூண்டைத் திறந்துவிட்டால், கழுவுவதற்காகத் திறந்தார்கள் என்று எழுதுவோம்.

அச்சுக்குப் போகும் ஒவ்வொரு நாவலும் முதலில் எங்கள் மாடிக்கு வரும். எழுதியவர் பெயரோ மொழிபெயர்த்தவர் பெயரோ இருக்காது. கட்டின் மேல் ஒரு எண் மட்டும். படித்து முடித்து ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். முதல் கட்டம், கதையில் அடிக்கடி வரும் சாமான் எது. இரண்டாவது, எத்தனை முறை வருகிறது. மூன்றாவது, அது எதைக் குறிக்கிறது. அந்த மூன்றாவது கட்டத்தில் ‘வெறும் குடை’ என்று இருந்தால் புத்தகம் அச்சுக்குப் போகும். வேறு ஏதாவது இருந்தால் மேல்மாடிக் குழுவுக்குப் போகும். மேலே போன புத்தகம் கீழே வந்து நான் பார்த்ததில்லை.

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நான் சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் மேற்பார்வையாளர் என் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். மூக்கின் மேல் ஒன்று, நெற்றியின் மேல் ஒன்று என்று எப்போதும் இரண்டு கண்ணாடியோடு இருப்பதால் அவருக்கு இரட்டைக்கண்ணாடி என்று பெயர்.

“குடை அந்தப் பொண்ணோட தனிமையைக் குறிக்குதுன்னு எழுதியிருக்கியேம்மா. அந்த அத்தியாயத்துல மழை பெய்யுதா?”

“பெய்யுது சார்.”

“அப்ப நனையாம இருக்கத்தானே குடை? நல்லா யோசிச்சுப் பாரு. அவசரமில்ல. மத்தியானம் வரைக்கும் யோசி.”

மத்தியானத்துக்குள் எனக்குப் புரிந்தது. அந்த மாடியில் பன்னிரண்டு மேசைகள். பன்னிரண்டிலும் புத்தகப் பைத்தியங்கள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நாட்டின் நாவல்களை ‘வெறும்’ என்ற ஒரே சொல்லால் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். சாப்பாட்டு வேளையில் மழை, பல்வலி, பேருந்து என்று எல்லாவற்றையும் பேசுவோம், படித்ததைத் தவிர. நாலு வருஷத்தில் எழுநூறு சாமான்களுக்கு நான் ‘வெறும்’ போட்டிருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது 4471 என்ற எண்ணோடு வந்த நாவலைப் பற்றி.

எங்கோ தூரதேசத்தில் எண்பது வருஷங்களுக்கு முன் எழுதப்பட்ட கதை அது. அதில் ஒரு ஊர். ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் ஒரு நாற்காலி காலியாக இருக்க வேண்டும் என்று சட்டம். ஆள்பவர் எந்த வீட்டுக்கும் எந்த நேரமும் சாப்பிட வரலாம். அவர் ஒருநாளும் எந்த வீட்டுக்கும் வந்ததில்லை. ஆனாலும் நாற்காலியைத் தினமும் துடைக்க வேண்டும். அதன் முன்னால் குரலை உயர்த்தக் கூடாது. அதிகாரிகள் வந்து விரலால் தடவித் தூசி பார்ப்பார்கள். வீட்டில் எத்தனை பேர் நின்றுகொண்டு சாப்பிட்டாலும் அந்த நாற்காலி காலிதான். கடைசி அத்தியாயத்தில், கணவனையும் மகனையும் பறிகொடுத்த ஒரு பெண், வேலை முடித்துக் கால்வலியோடு வருகிறாள். நாற்காலியை இழுக்கிறாள். உட்காருகிறாள். கதை அதோடு முடிகிறது.

படித்து முடித்தபோது என்னால் எழுந்திருக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தெரு, தெருவில் பேருந்து, பேருந்தில் ஆட்கள், எல்லாம் அந்த நாவலின் மொழியிலேயே நடப்பதுபோல் இருந்தது.

நாற்பதாம் பக்கத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அங்கே சின்னப் பெண் நாற்காலியை அழுத்தித் தேய்க்கிறாள். அவளுடைய அம்மா சொல்கிறாள்: “மெல்லத் துடைடி, அதுக்கு வலிக்கப்போகுது.” எங்கள் வீட்டில் கண்ணாடி அலமாரியைத் துடைக்கும்போது எங்கள் அம்மா சொல்வது அது. வேறு எந்த வீட்டிலும் நான் கேட்டதில்லை. என் அக்கா மொழிபெயர்ப்பாளர். இரண்டு வருஷமாக எதையோ செய்துகொண்டிருந்தாள். வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள் என்பதால் நான் கேட்டதில்லை.

நாற்பதாம் பக்கத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது, இது அக்காவின் கை என்று. தற்செயலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டபோதே சிரிப்பு வந்தது.

அக்காவுக்கு என்னைப் பற்றி ஒரு வசனம் உண்டு. “இவ படிக்கிறவ இல்ல, பக்கம் திருப்புறவ.” எனக்கு எட்டு வயதில் ஆரம்பித்தது. என் கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டாரிடம்கூடச் சொன்னாள். அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதற்குக் காரணம் வேறு என்றாலும் எனக்கு மறக்கவில்லை.

அன்று மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்தேன். ‘வெறும்’ என்று எழுதக் கை வரவில்லை. அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவள் முன்னால் போய் அது வெறும் நாற்காலி என்று எப்படிச் சொல்வது? கட்டம் போதாமல் தனித்தாள் இணைத்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். பயத்துக்கு ஆள் தேவையில்லை, காலி இடம் போதும் என்று எழுதினேன். நாற்காலி வீட்டுக்குள் இருக்கும்வரை காவலர் வாசலுக்கு வர வேண்டியதில்லை என்று எழுதினேன். என் வாழ்க்கையில் அதுவரை எழுதியதிலேயே அதுதான் நல்ல எழுத்து. எழுதும்போது அக்கா தோளுக்குப் பின்னால் நின்று படிப்பதுபோல் ஒரு நினைப்பு.

மறுநாள் காலையில் இரட்டைக்கண்ணாடி அதைப் பார்ப்பார், கிழிப்பார், திட்டுவார், ‘வெறும் நாற்காலி’ போட்டுத் தருவேன் என்று கணக்கு. ஆனால் அவர் மகளுக்குப் பிரசவம் என்று லீவு. அவர் இல்லாத நாளில் படிவம் வைக்கும் தட்டில் இருப்பதெல்லாம் நேராக மேலே போகும். பதினோரு மணிக்குத் தட்டு காலி.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அத்தான். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒரு ஜோக்கோடு போகிறவர். அன்று ஜோக் இல்லை.

“வா. உங்க அக்கா உள்ள இருக்கா. பேசிப் பாரு. எனக்கு எஞ்சின்னா தெரியும், இது எனக்குத் தெரியல.”

சாப்பாட்டு மேசையில் இரண்டு வருஷமாகக் காகிதக் குன்று இருக்கும். அன்று மேசை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. நடுவில் ஒரு கடிதம்.

“யாரோ ஒரு வாசிப்பாளர் ஆட்சேபம் எழுதியிருக்காராம்” என்றாள் அக்கா. “எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க, கரட்டுப் பிரதி உட்பட. வியாழக்கிழமை விசாரணை. தப்புன்னு ஆயிட்டா உரிமச்சீட்டு ரத்து, கையெழுத்துப் பிரதி காகிதக் கூழுக்கு.” பிறகு என்னைப் பார்த்தாள். “உங்க மாடிதானே? யாருன்னு உனக்குத் தெரியுமா?”

“பன்னிரண்டு பேர் இருக்கோம்க்கா” என்றேன்.

அது பொய் இல்லை. அதனால்தான் இன்றும் அது வலிக்கிறது. பொய் சொல்லியிருந்தால் பொய் சொன்னேன் என்று இருந்துவிட்டுப் போகலாம்.

“எவனோ நல்லாப் படிக்கத் தெரிஞ்சவன்” என்றாள் அக்கா. “இல்லாட்டி விட்டிருப்பான்.”

திங்கட்கிழமை இரட்டைக்கண்ணாடி மிட்டாயோடு வந்தார், பேத்தி பிறந்திருக்கிறாள் என்று. என் முகத்தைப் பார்த்துவிட்டு மிட்டாயைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பதாம் பக்கத்தை மட்டும் சொல்லவில்லை.

“ஒரு வழி இருக்கு” என்றார். “மறுவாசிப்புன்னு பேரு. எழுதின வாசிப்பாளரே குழு முன்னால போய், நான் தப்பாப் படிச்சுட்டேன்னு சொல்லணும். சொன்னா உனக்கு வாசிப்பு மேசை போயிடும். பார்சல் கட்டுற பிரிவு. அப்புறம், உங்க அக்காவும் அந்த அறையில இருப்பா.”

“தெரியும் சார்.”

“நாலு வருஷம். ஒரே ஒரு சொல்லும்மா. அதை எழுத உனக்கு என்ன கேடு?”

விசாரணை அறை மேல்மாடியில் இருந்தது. நீண்ட மேசை, அதன் பின்னால் மூன்று நாற்காலி. இடது பக்கம் தடித்த பேனாவோடு ஒரு அதிகாரி. வலது பக்கம் மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்த ஒரு அம்மையார். நடுவில் உயரமான முதுகு வைத்த நாற்காலி காலி. அது தலைவருடையது. தலைவர் கடைசியாக வந்து நாலு வருஷம் ஆகிறது என்று பின்னால் கேள்விப்பட்டேன். இரண்டு பேரும் எதைச் சொன்னாலும் அந்தக் காலி நாற்காலிப் பக்கம் லேசாகத் தலை சாய்த்துத்தான் சொன்னார்கள்.

அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வாசிப்பாளர் என்று வெளியே வந்து கூப்பிட்டதும் நான் உள்ளே போனேன். முதலில் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம். தனக்குத் துணையாகத்தான் நான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். நான் சாட்சி நிற்கும் இடத்தில் போய் நின்றதும் அந்தச் சந்தோஷம் எங்கே போவது என்று தெரியாமல் அவள் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.

பேனாக்காரர் என் தாள்களை எடுத்து முதல் பக்கத்தைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். நல்ல குரல் அவருக்கு. “ஒருவரும் வரப்போவதில்லை என்று அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் துடைக்கிறார்கள். துடைப்பதால்தான் அது நாற்காலியாக இல்லாமல்...”

அப்போது கதவு திறந்தது. கடைநிலை ஊழியர் ஒருவர் கையில் மஞ்சள் துணியோடு வந்தார். பதினொன்றரை மணிக்குத் துடைப்பது அவர் வேலை. யாரையும் பார்க்காமல் நடு நாற்காலியிடம் போய், கைப்பிடி, முதுகு, இருக்கை என்று மெல்லத் துடைத்தார். பிறகு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

பேனாக்காரர் தாளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். அம்மையார் மூக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். இது எதைப் போல இருக்கிறது என்று முதலில் வாயைத் திறப்பவர் தொலைந்தார். அது எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

பேனாக்காரர் தாள்களைக் கவிழ்த்து வைத்தார். இரண்டாவது பக்கம் வாசிக்கப்படவே இல்லை.

“நீங்க தப்பாப் படிச்சுட்டதா மனு கொடுத்திருக்கீங்க இல்ல?”

“ஆமாங்க.”

“அப்ப அது என்ன?”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வெறும் நாற்காலிங்க” என்றேன்.

“மொழிபெயர்ப்பாளர் என்ன சொல்றீங்க?”

அக்கா எழுந்தாள். “வெறும் நாற்காலிதான்” என்றாள்.

“நாங்களும் அப்படித்தான் நினைக்கிறோம்” என்றார் அம்மையார் அவசரமாக. “ஆனா கோப்புன்னு ஒண்ணு திறந்தாச்சே. எதுவும் செய்யாம மூட முடியாது. நாற்காலிக்குப் பதிலா வேற ஏதாவது போட்டுடலாம். பூச்சாடி. யாருக்கும் மனசு நோகாது.”

பேனாக்காரர் எழுதினார்: ‘நாற்காலி என்ற சொல் வரும் இடமெல்லாம் பூச்சாடி என மாற்றப்பட வேண்டும். இதைத் தவிர ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது. ஆட்சேபித்த வாசிப்பாளரே தம் கையால் திருத்தித் தர வேண்டும்.’

இருநூற்றுப் பதினான்கு இடங்கள். சனிக்கிழமை காலை அக்கா வீட்டு மேசையில் உட்கார்ந்தோம். வியாழனிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. பக்க எண்ணை மட்டும் சொல்வாள். நான் சிவப்பு மையால் அடித்து மேலே எழுதுவேன். ஏழு. ஒன்பது. ஒன்பதிலேயே இன்னொன்று. ஒவ்வொரு அடியும் அவள் தோலில் விழுவதுபோல் இருந்தது. எழுத்து கோணினால், மை அழிக்கும் ரப்பரை என் பக்கம் நகர்த்துவாள்.

நாற்பது என்றாள். அந்த வரியில் விரல் வைத்து, “இங்க உனக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

“தெரிஞ்சுது.”

“அதுக்கப்புறமும் எழுதினியா?”

“ம்.”

அத்தான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“ரெண்டாவது பக்கத்துல என்ன எழுதியிருந்த?”

யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது அதுதான். “மொழிபெயர்ப்பாளரைப் பத்தி. இவ்வளவு நல்லா இந்த நாட்டுல யாரும் மொழிபெயர்த்தது இல்லன்னு. அவங்க வீட்டுல ஒரு தங்கச்சி இருந்தா அவளுக்கு ரொம்பப் பெருமையா இருக்கும்னு.” பேனாவைக் கீழே வைத்தேன். “நீ படிப்பேன்னு நினைச்சு எழுதினேன்க்கா. நீ எப்படிப் படிப்பேன்னு யோசிக்கவே இல்ல.”

அக்கா அடுத்த தாளை எடுத்தாள். நாற்பத்திரண்டு என்றாள்.

நூற்றுப்பத்தாம் பக்கத்தில் அவள் கை நின்றது. “அதைப் படி” என்றாள்.

வாசித்தேன். “விருந்தாளிகள் வரும்போது தவறிப்போய்ப் பூச்சாடியில் யாரும் உட்கார்ந்துவிடாமல் அப்பா பார்த்துக்கொண்டார்.”

ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஆணையை எடுத்து இன்னொரு தடவை படித்தாள். ஒரு எழுத்தும் மாற்றக் கூடாது. அடுக்களையிலிருந்து அத்தான், “பூச்சாடியிலயா? குத்தாதா?” என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

கடைசிப் பக்கம் வந்தபோது சாயந்திரம். ‘அவள் பூச்சாடியை இழுத்தாள். உட்கார்ந்தாள்.’ எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். எந்தக் குழந்தை படித்தாலும் அங்கே என்ன இருந்தது என்று தெரியும். ஆனால் நாற்காலி இருந்திருக்க வேண்டிய இடம் அது. அங்கே ஒரு பூச்சாடியைக் கொண்டுவந்து வைத்தவள் நான்.

திருத்திய பிரதியோடு புதிய படிவம் ஒன்றும் தர வேண்டும். என் கடைசிப் படிவம். திங்கள் முதல் பார்சல் பிரிவு. சாமான்: பூச்சாடி. எத்தனை முறை: இருநூற்றுப் பதினான்கு. எதைக் குறிக்கிறது: இங்கே வந்ததும் கை நின்றது. போன தடவைபோல் ஆசையில் இல்லை, பயத்தில்.

அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

‘வெறும் பூச்சாடி’ என்று எழுதினேன்.

அவள் தாளை வாங்கி, மை காய ஊதினாள். “இப்பத்தான் படிக்கக் கத்துக்கிட்ட” என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.