பற்பசை டப்பாச் சிரிப்பு

பால் சேகரிப்பு நிலையத்துச் சுவரில் ஊர்க்காரர்களின் முகங்களை வரைந்து முடித்த மறுநாள் காலை, வரையப்பட்ட அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். முகம் கழுவினால் போய்விடும் என்றார்கள், போகவில்லை. இழவு வீட்டிலும் அதே சிரிப்பு, பாகப்பிரிவினைச் சண்டையிலும் அதே சிரிப்பு. ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

ஊர் கேட்டது வாரத்துக்கு இன்னொரு நாள் டாக்டர் ஜீப். வந்தது பெயின்ட். கிராமத்து மனசைக் கலையால் குளிர வைக்கலாம் என்று ஏசி அறையில் யாரோ முடிவு செய்து நிதி ஒதுக்கியிருந்தார்கள். அதைச் செலவழிக்க வந்த அதிகாரியம்மா, கழுத்தில் மரமணி மாலையும் வாயில் தேனுமாக, எதையும் ‘நாம்’ என்றே தொடங்குவாள். வெயில் ஏறியதும் அந்த ‘நாம்’ காருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் கூட்டிவந்த ஓவியனுக்கு முகம் காட்டி உட்கார இந்த ஊரில் யாருக்குப் பொறுமை? கண்ணும் மூக்கும் முடியும்வரை இருந்துவிட்டு எழுந்து போனார்கள். தையல்காரியும், “வாயை நீங்களே போட்டுக்குங்க தம்பி, காஜா எடுக்கிற வேலை கெடக்கு” என்று, சைக்கிள் கடை வைத்திருக்கும் புருஷனையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஓவியன் என்ன செய்வான்? பையிலிருந்த பற்பசை டப்பாவில் சிரித்த வாயைப் பார்த்து எல்லாருக்கும் அதையே போட்டு வேலையை முடித்தான்.

அதிகாரியம்மா சிரித்த முகங்களைப் போட்டோ எடுத்து, ஊர் நலம் என்று மேலிடத்துக்கு எழுதினாள். நலமான ஊருக்கு டாக்டர் எதற்கு? வந்துகொண்டிருந்த ஒரு நாள் ஜீப்பும் நின்றது. ஊர்க்காரர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? அடுத்த வருஷம் இதே திட்டத்தில் மேடையும் ஸ்பீக்கரும் வரும் என்று காதில் விழுந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள், மூட முடிந்த அளவுக்கு.

சைக்கிள் கடைக்காரனுக்கு மூச்சிரைப்பு. ஜீப்போடு மருந்தும் நின்றுபோனதால் தையல்காரி அவனைப் பால் வண்டியில் ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தவனைக் கடைசியாகக் கூப்பிட்ட டாக்டர், சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தையல்காரி அங்கிருந்து நேராகக் கலைத் திட்ட ஆபீசுக்குப் போய், ஜீப்பைத் திருப்பி அனுப்பாவிட்டால் இவர் பிழைக்க மாட்டார் என்று சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், வேறென்ன செய்ய? அதிகாரியம்மா ஆபீஸ் முழுக்கக் கூப்பிட்டு, “பாருங்க, நாம எதிர்பார்த்த மாற்றம் இதுதான்” என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவர்களைச் சொல்லி என்ன? சிரிக்கிற மனுஷனுக்கு அவ்வளவு மோசமாக என்ன வந்துவிடப் போகிறது என்று தையல்காரியும் உள்ளுக்குள் நம்பிக்கொண்டுதான் இருந்தாள்.

சாயங்காலம் பால் நிலையத்து வாசலில் இறங்கியதும் அவனால் நடக்க முடியவில்லை. சுவரடியிலேயே உட்கார்ந்தான். தலைக்கு மேல் அவன் முகம், அதில் அந்த டப்பா வாய். தையல்காரிக்கு எங்கிருந்து ஆத்திரம் வந்ததோ, தையல் பிரிக்கிற பிளேடை இடுப்பிலிருந்து எடுத்து, காரை உதிர உதிர அந்த வாயைச் சுரண்டித் தள்ளினாள். திரும்பிப் பார்த்தாள். புருஷன் முகத்திலும் சிரிப்பு போயிருந்தது; உதடு நீலம் பாரித்து, தாடை இறுகி, மாதக்கணக்கான வலி ஒரே முகத்தில் நின்றது.

“எத்தனை நாளா இப்படி?”

“சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்,” என்றான் அவன், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. “நீ மூஞ்சியத்தான் பாத்த.”

அதே வண்டியில் திரும்பிப் போனார்கள். இந்த முறை முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் நர்ஸ் ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஓடினாள். அவன் பிழைத்தான்.

அதற்குப் பிறகு தையல்காரியிடம் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள், ஆள் பார்க்காத நேரமாக. ஒருத்தி, அம்மா செத்தும் ஒரு சொட்டு அழவில்லை. ஒருவனுக்குத் தம்பியோடு கோபப்பட்டே ஆகவேண்டும். அதற்காகச் சிரிப்பை நிரந்தரமாக விட அவர்களுக்கு மனசில்லை, ஸ்பீக்கர் வரவேண்டுமே. தையல்காரி சுரண்டுவாள், அதிகாரியம்மா ஊருக்கு வரும் வாரங்களில் தையல்காரியே திரும்ப வரைந்தும் வைப்பாள். சுவரில் வாய் மாறிக்கொண்டே இருப்பதைக் கவனித்த அதிகாரியம்மா, இது மக்கள் பங்கேற்பு என்று எழுதிப்போட்டுப் பெயின்ட்டுக்குத் தனி நிதி வாங்கினாள். ஜீப் வரவில்லை. இப்போதெல்லாம் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க வருகிறவர்கள் போகிற போக்கில் வாயையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: “செவ்வாக்கிழமை வரைக்கும் அழணும்க்கா. புதன்கிழமை பழையபடி போட்டுருங்க.”