காந்தாரி போட்ட கஞ்சி

யூஜின் தினமும் காலையில் தன் குதிரை ரீமாவின் இடது முன்னங்காலை அளப்பார். மனைவி செசிலியின் தையல் டேப்தான் அளவுகோல். குளம்புக்கு மேலுள்ள மூட்டைச் சுற்றி அளந்து, கொட்டகைச் சுவரில் கரியால் எழுதுவார். வீங்கிய அன்று முப்பது சென்டிமீட்டர். நல்ல கால் இருபத்தேழு.

துபாயில் பதினொரு ஆண்டுகள் அடுத்தவர் குதிரைகளை நெடுந்தூர ஓட்டத்துக்குத் தயார்செய்தவர் அவர். சொந்த ஊரான சிதறாலுக்குத் திரும்பி ரீமாவை வாங்கியதே, ஒருமுறையாவது சொந்தக் குதிரையில் நாற்பது கிலோமீட்டர் ஓடி முடிக்கத்தான். வயது நாற்பத்தெட்டு. கோயம்புத்தூர் பக்கம் நடக்கவிருந்த ஓட்டத்துக்கு ஐந்து வாரம் இருந்தபோது மூட்டு வீங்கியது.

நாகர்கோவிலிலிருந்து கால்நடை மருத்துவர் சுனிதா வந்து பார்த்தார்.

“எலும்புக்கு ஒண்ணுமில்ல. ஓய்வு குடுங்க, பச்சத்தண்ணி ஊத்துங்க. வலிக்கு ஊசி போட்டா ஓட்டத்துல எடுக்கிற ரத்தச் சோதனையில தெரியும். மஞ்சளும் ஆளிவிதையும் தீவனத்துல சேத்துப் பாக்கலாம். தடைப் பட்டியலப் பாத்துத்தான் சொல்லுதேன். சில குதிரைக்குக் கேக்கும், சிலதுக்குக் கேக்காது. வேற எதச் சேத்தாலும் எனக்கிட்ட சொல்லணும்.”

புதுக்கடை ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் சண்முகவடிவு, மஞ்சளை எடைபோட்டபடி கேட்டாள்: “இவ்வளவு மஞ்சளா! வீட்டுல கல்யாணமாண்ணே?”

“குதிரைக்கு.”

“குதிரைக்கா கல்யாணம்?”

ரீமா இரண்டு நாள் வாளியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மூக்கெல்லாம் மஞ்சள். மூன்றாம் நாள் முதல் செசிலி வாளியை எடுத்துப் போனாள். காலியாகத் திரும்பி வந்தது. எப்படி என்று யூஜின் கேட்கவில்லை. சுவரில் எண்கள் இறங்கின: இருபத்தொன்பது, இருபத்தெட்டு, இருபத்தேழரை. நொண்டலும் நின்றது.

கிளம்ப மூன்று நாள் இருந்தபோது அவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். செசிலி அம்மியில் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரீமாவின் வாளி.

“ஏட்டி, அது என்னது?”

“காந்தாரி மொளகாயாக்கும். நாலே நாலு.”

“குதிரைக்கா?”

“வெறும் மஞ்சள எவ குடிப்பா? பழங்கஞ்சியில உப்பும் காந்தாரியும் போட்டுக் கலக்கினேன், மடமடன்னு இழுத்துட்டா. நீங்களும் அப்படித்தானே குடிக்கீங்க?”

யூஜின் கவிழ்த்திருந்த உரல்மேல் உட்கார்ந்துவிட்டார். மிளகாயின் எரிப்புச் சத்து ஓட்டக் குதிரைகளுக்குத் தடை செய்யப்பட்டது. வலியை மறைக்கும் என்பதால். துபாயில் அதற்காகவே ஒரு குதிரையைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறார்.

செசிலியின் முகம் வாடியது. “அறிஞ்சா செய்வேனா? ரத்தத்துல தெரியுமோ?”

“தெரியாட்டாலும் வேண்டாம். கால் நெசமாவே கொணமாச்சா, வலி தெரியாம ஓடுதாளான்னு இப்ப ஆருக்குத் தெரியும்? அந்தக் காலோட நாப்பது கிலோமீட்டர் ஓட்டினா அதோட தீந்துது.”

மருத்துவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். “காந்தாரியும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். ரெண்டு வாரம் அளந்து பாருங்க. பிப்ரவரியில இன்னொரு ஓட்டம் உண்டு” என்றார் சுனிதா.

யூஜின் பெயரை விலக்கிக்கொண்டார். படிவத்தில் காரணம் கேட்டிருந்த இடத்தில் ‘காந்தாரி மிளகாய்’ என்று எழுதினார். ஓட்டத்தை நடத்துபவர்கள் அழைத்து இரண்டுமுறை விளக்கம் கேட்டார்கள்.

காந்தாரி இல்லாத வாளியை ரீமா உதைத்துக் கவிழ்த்தது. செசிலி மருத்துவரைக் கேட்டுவிட்டு மட்டி வாழைப்பழம் ஒன்றைப் பிசைந்து மஞ்சளோடு கலந்தாள். யோசித்து யோசித்துத் தின்றது. நான்காம் நாள் சுவரில் இருபத்தெட்டு ஏறியது. யூஜின் மறுபடியும் அளந்தார்; அதே எண்தான். மறுநாள் இருபத்தேழரை. ஒரு வாரத்தில் இருபத்தேழு. அப்புறம் அந்த எண் அசையவில்லை.

பதினைந்தாம் நாள் சுனிதா வந்தார். மலைக்குப் போகும் சாலையில் யூஜின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினார். மருத்துவர் காலைப் பார்க்காமல் தலைகுனிந்து சத்தத்தை மட்டும் கேட்டார். குளம்புகள் ஒரே சீராக விழுந்தன.

“மஞ்சளா ஓய்வான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இது கொணமான கால். பிப்ரவரிக்குப் பேரக் குடுங்க.”

மூச்சிரைக்க வீட்டுக்குள் வந்த யூஜினுக்குச் செசிலி கஞ்சி ஊற்றினாள். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“காந்தாரி எங்கட்டி?”

“செடியோட புடுங்கியாச்சு. பிப்ரவரி வரைக்கும் உங்களுக்கும் மட்டிப்பழந்தான்.”