பானெட்டுக்குள் எலுமிச்சம்பழம்

செல்லக்கண்ணு முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போர்ட்டிகோவில் குனிந்து நின்றார். வெள்ளை மொசைக் தரையில் சிவப்பாக ஒரு சொட்டு. பக்கத்தில் இன்னொன்று.

"கோவிந்தசாமி! என்னடா இது?"

"ஸ்டீயரிங் எண்ணெய், முதலாளி."

"அது எனக்குத் தெரியாதா? போன வாரந்தானே ரிப்பேர் பண்ணிக் கொண்டாந்தே? சாயந்தரம் சீர்திருத்தச் சங்கத்து ஆளுங்க வர்றாங்க. இப்பவே கொண்டுபோய்ச் சரிபண்ணிட்டு வா. அப்புறமும் இந்தத் தரையில ஒரு சொட்டு விழுந்துச்சு, சாவியை வச்சிட்டு நடையைக் கட்டு."

நடையைக் கட்டு என்று சொல்ல அவருக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? கோவிந்தசாமிக்கு அந்த டிரைவர் வேலையோடு வீடும் சேர்ந்து போகும். காத்தோங்கில் அந்தப் பங்களாவின் சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் அவனும் அவன் பெண்டாட்டி முத்தாயியும் குடியிருந்தார்கள்.

கார் பெரிய கறுப்பு அமெரிக்கக் கார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் முதலாளி ஆசைப்பட்டு வாங்கியது. பவர் ஸ்டீயரிங். அறுபத்திரண்டாம் வருஷத்துச் சிங்கப்பூரில் அதெல்லாம் எத்தனை பேரிடம் இருந்தது? ஒற்றை விரலால் திருப்பலாம் என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். எண்ணெய் ஒழுகத் தொடங்கியதும் அதே ஸ்டீயரிங் ஆட்டுக்கல்லைத் திருப்புகிற மாதிரி கனத்துப் போனது. தோள் வலி யாருக்கு? கோவிந்தசாமிக்கு.

முதலாளி மிளகு, ஏலக்காய் மொத்த வியாபாரி. அதோடு சீர்திருத்த மேடைப் பேச்சாளர். சகுனம், ஜாதகம், திருஷ்டி எல்லாவற்றையும் மேடையில் கிழித்துத் தோரணம் கட்டுவார். அவர் மனைவி பாக்கியலட்சுமி அம்மாளோ வெள்ளிக்கிழமையானால் சிலோன் ரோடு பிள்ளையாரைப் பார்க்காமல் காப்பி குடிக்கமாட்டார். கார் வந்த நாளிலிருந்து அந்த அம்மாவுக்குத் தூக்கமில்லை. இத்தனை பெரிய கார், ஊர்க்கண் சும்மா விடுமா? முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் கட்டலாம் என்றால், முதலாளி வீட்டை இரண்டாக்கிவிடுவார்.

"பானெட்டுக்குள்ள கட்டிடு கோவிந்து. அவரு எங்க திறந்து பாக்கப் போறாரு?" என்றார் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை. கட்டினான். மறு வெள்ளி பழசை அறுத்துப் போட்டுப் புதுசு கட்டினான். தரையில் முதல் சிவப்புச் சொட்டு விழுந்ததும் அம்மா ஓடி வந்து பார்த்தார். "ரத்தம் மாதிரி இருக்கேப்பா! கண்ணு பலமா பட்டிருக்கு" என்றார். அன்றிலிருந்து பழத்தோடு பச்சை மிளகாயும் சேர்ந்துகொண்டது.

ஒர்க் ஷாப்புக்குப் போகும் நாட்களில் மட்டும் தெருமுனையில் வண்டியை நிறுத்திப் பழத்தை அறுத்துச் சாக்கடையில் போட்டுவிடுவான். மெக்கானிக் நூர்தீன் கண்ணில் பட்டு, விஷயம் முதலாளி காதுக்குப் போனால் என்னாவது? இன்றும் வெள்ளிக்கிழமை. விடிகாலையிலேயே கட்டியாகிவிட்டது. ஆனால் இன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் தெருமுனையும் ஞாபகமில்லை, பழமும் ஞாபகமில்லை. ரோவல் ரோடு ஒர்க் ஷாப் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே ஓட்டினான்.

"பாய்! என்ன வேலை பாத்தீங்க? எண்ணெய் ஒழுகாம நீங்க போட்ட ரப்பர் சீலைத் தூக்கி லாங்காங்கு சாக்கடையில போடுங்க! என் பொழப்புல மண்ணைப் போடத்தான் கடை திறந்து வச்சிருக்கீங்களா?"

நூர்தீனும் லேசுப்பட்ட ஆளில்லை. கையில் இருந்த ஸ்பேனரை டங்கென்று தரையில் போட்டார். "வார்த்தையை அளந்து பேசு லா! பம்புல புது சீலு போட்டு, ஓடவிட்டுக் காட்டித்தானே அனுப்பினேன்? எங்க ஒழுகுது, வா, காட்டு!"

பானெட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார்.

பம்பிலிருந்து ஸ்டீயரிங் பெட்டிக்குப் போகிற ரப்பர் குழாயில் எலுமிச்சம்பழம் தொங்கிக்கொண்டிருந்தது, மேலும் கீழும் பச்சை மிளகாயோடு. கோவிந்தசாமிக்கு அப்போதுதான் தெருமுனை ஞாபகம் வந்தது.

நூர்தீன் பழத்தை மெதுவாக விலக்கினார். மாலை கட்டுகிற மெல்லிய இரும்புக் கம்பி. பழத்தை அறுத்துப் போட்டபோதெல்லாம் கம்பி வளையம் குழாயிலேயே தங்கிவிட்டிருந்தது. வளைகாப்புக் கை மாதிரி வரிசையாக வளையங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்ததால் பழம் இல்லாதபோது அவர் கண்ணில் படவேயில்லை.

"ஏறி ஸ்டார்ட் பண்ணு. ஸ்டீயரிங்கைத் திருப்பு."

திருப்பினான். கம்பி பதிந்த இடத்திலிருந்து சிவப்பு எண்ணெய் சுர்ரென்று பீய்ச்சியடித்தது. நூர்தீனின் சட்டையெல்லாம் சிவப்பு.

"நிறுத்து, நிறுத்து! நீ திருப்புறப்பல்லாம் இந்தக் குழாய் முறுக்கிக்கிட்டு உதறும். உதற உதறக் கம்பி அறுத்திருக்கு. நான் சீலு சீலுன்னு செத்தேன், நீ ஊரு பூரா என் பேரை நாறடிச்சே. ஒரு கயிறு, ஒரு நூலு கிடைக்கலியா உனக்கு?"

"அம்மா நூலுலதான் கட்டச் சொன்னாங்க. அறுந்துடும்னு நான்தான் கம்பி போட்டேன்" என்றான் கோவிந்தசாமி. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நூர்தீன் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே குழாயைக் கழற்றினார். அமெரிக்கக் குழாய்க்கு எங்கே போவது? காலாங்கில் கப்பல் கிரேனுக்குக் குழாய் கட்டுகிற சீனர் பட்டறைக்கு எடுத்துப் போய், பழைய முனைகளை வைத்துப் புதுக் குழாய் பொருத்திக் கொண்டுவந்தார். எண்ணெய் ஊற்றி, இடதும் வலதுமாகக் கடைசிவரை திருப்பச் சொல்லிக் காற்றை வெளியேற்றினார். அடியில் விரித்த செய்தித்தாளில் ஒரு சொட்டு விழவில்லை.

கம்பியையும் பழத்தையும் காகிதத்தில் சுற்றி அவன் கையில் திணித்தார். "உன் முதலாளிகிட்டக் காட்டு. பழி என் தலையில விழக்கூடாது, ஆமா."

சாயங்காலம் பங்களா வாசலிலேயே அம்மா காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. "அவருகிட்டச் சொல்லிடாதேப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"சொல்லலம்மா" என்றான். நிஜமாகவே சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தான்.

முன்கூடத்தில் சங்கத்து ஆட்கள் நிறைந்திருந்தார்கள். முதலாளி போர்ட்டிகோவுக்கு வந்து தரையைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் உள்ளே திரும்பிப் பார்த்து உரக்கச் சொன்னார்: "அந்த ரோவல் ரோடு பாய்கிட்ட நம்ம ஆளுங்க யாரும் காரை விடாதீங்க. ஒரு சீலு போடத் தெரியாத களவாணிப் பய. நாளைக்கே எல்லாருக்கும் சொல்லிடப் போறேன்."

கோவிந்தசாமிக்குச் சுருக்கென்றது. சட்டை நனைய வேலை செய்தவருக்கு இந்தப் பேரா?

"பாய் மேல தப்பில்லீங்க முதலாளி." காகிதத்தைப் பிரித்து நீட்டினான். "இந்தக் கம்பிதான் குழாயை அறுத்துச்சு."

முதலாளி பழத்தைப் பார்த்தார். பின்னாலிருந்த கூட்டமும் எட்டிப் பார்த்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"என் கார்ல எலுமிச்சம்பழமா? எவன்டா கட்டினது?"

காப்பித் தட்டோடு அம்மா கதவருகே நின்றிருந்தார். கோவிந்தசாமி அவரைப் பார்த்தான். ஒரே ஒரு வார்த்தை போதும். அம்மா தலையைக் குனிந்து, நேராகவே இருந்த கோப்பைகளை நேராக்கினார்.

"நான்தான் கட்டினேன்" என்றான். அதுவும் பொய்யில்லையே.

"சாவி" என்று கையை நீட்டினார் முதலாளி.

பின்னறையில் முத்தாயி பாயைச் சுருட்டிக்கொண்டே கத்தினாள். "அந்தம்மா சொல்லித்தானே கட்டினே? சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"அவங்களே சொல்லுவாங்கன்னு நெனச்சேன்டி."

அப்போது சமையல்கட்டு வழியாக அம்மா வந்தார். கண் கலங்கியிருந்தது. முந்தானைக்குள்ளிருந்து எதையோ எடுத்து அவன் கையில் வைத்தார். குங்குமம் வைத்த எலுமிச்சம்பழம்.

"போற இடத்துல எந்தக் கண்ணும் படக்கூடாதுப்பா. பத்திரமா வச்சுக்க. அவருக்குத் தெரியவேணாம்."

கோவிந்தசாமிக்கு உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்தது. டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றினான். என்றும் போகிற பின்வழியை விட்டுவிட்டு வீட்டைச் சுற்றி நேராகப் போர்ட்டிகோவுக்கு நடந்தான். அம்மா பதறிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

கார் ஒரு சொட்டு ஒழுகாமல் பளபளவென்று நின்றது. கோவிந்தசாமி பழத்தைப் பானெட்டின் மேல், நட்ட நடுவில் வைத்தான்.

"ஐயோ, எடுத்துடுப்பா!"

"உங்க பழம்மா," என்றான், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "இத்தனை நாளு உள்ள ஒளிச்சுக் கட்டச் சொன்னீங்க. இன்னைக்கு வெளியிலேயே வச்சிருக்கேன்."

கூடத்தில் நாற்காலி ஒன்று தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"பாக்கியம்!" என்று முதலாளியின் குரல் எழுந்தது.

கோவிந்தசாமி திரும்பிப் பார்க்கவில்லை. முத்தாயி பாயை இடுக்கிக்கொண்டு கூடவே வந்தாள். இரண்டு பேரும் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்கள்.