கௌஸ் பாஷா எப்போது வருகிறார்?

கௌஸ் பாஷா இறந்து பதினோராவது நாள், அவருடைய மகள் நௌஷீன் கருப்பு டிரங்குப் பெட்டியில் ஆறு வெள்ளைச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை விமானப்படைப் பயிற்சிக் கல்லூரியில் போய்ச் சேர வேண்டும். நாள் தவறினால் இடம் போய்விடும். பேட்டரி கடைக்காரர் மகள் போர் விமானம் ஓட்டப் போகிறாள் என்று போன மாதம் பூக்கடைச் சத்திரம் வட்டாரமே பேசியது. இப்போது அவளுக்குத் துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. உடம்பெல்லாம் மரத்துப்போயிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு சொட்டு அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஒரு மகராசி காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். அம்மா மெஹதாப், கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில், உள்ளறையை விட்டு வெளியே வருவதில்லை. "நீ போ" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அப்பாவின் போனை வைத்திருந்த அவர் தம்பி ஜுனைத் சாச்சா உள்ளே வந்தார்.

"யாரோ இந்தியில பேசினாங்கமா. கௌஸ் பாஷா எப்ப வர்றார்னு கேட்டாங்க. பேட்டரி கம்பெனி ஆளுங்க போல இருக்குது. இன்தகால் ஆயிடுச்சு, தவறிட்டார்னு சொன்னேன். பாவம், ரொம்ப வருத்தப்பட்டாங்க. பேரை எடுத்துடுறோம்னாங்க."

நௌஷீன் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். கல்லூரியின் எண். விண்ணப்பத்தில் அப்பாவின் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன விண்ணப்பத்தால் வந்த வினை. ஊருக்கெல்லாம் அவள் ஜி. நௌஷீன். கம்ப்யூட்டருக்கு இனிஷியல் ஆகாதாம், விரித்து எழுதச் சொன்னது. கௌஸ் பாஷா நௌஷீன் என்று எழுதினாள். அன்று முதல் அவர்களுக்கு அவள் கேடட் கௌஸ் பாஷா.

"சாச்சா, அவங்க கேட்டது என்னைத்தான்!"

சாச்சா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான்காவது முறை அடித்தபோது எடுத்தார்கள். நல்லவேளை, எடுத்தவர் வேலூர்க்காரர், தமிழில் பேசினார். விண்ணப்பத்தில் இருந்த பேரைச் சொன்னாள்.

"கேடட் கௌஸ் பாஷாதானே? தவறிட்டாராமே. லிஸ்ட்ல அடிச்சாச்சும்மா."

"இல்ல சார். கௌஸ் பாஷா உயிரோடதான் இருக்கார். சனிக்கிழமை வந்துடுவார்."

வந்துடுவேன் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? சொன்ன பிறகுதான் உறைத்தது.

"நீங்க யாரும்மா?"

"நான்தான் சார் கௌஸ் பாஷா. அது எங்க... அது என்னோட இனிஷியல் சார். வீட்ல தப்பா சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"சரி, பேரைச் சேர்த்துட்டேன். எட்டு மணிக்குள்ள வந்துடும்மா." அவர் போனை வைக்கவில்லை. "அப்ப தவறினது யாரு?"

பதினோரு நாளில் அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. எல்லோரும் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள்.

"அப்பா," என்றாள். கையிலிருந்த வெள்ளைச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, உள்ளறையில் அம்மாவுக்குக் கேட்குமே என்றுகூட நினைக்காமல், ஓவென்று அழுதாள்.