வெண்டுருத்திப் பாலத்தில் மூன்றாவது தடவை

பெண் பார்க்கப் புறப்பட்டவன் வழியில் ஒரு தடவை நின்றுபோனால் அது தற்செயல். இரண்டு தடவை நின்றுபோனால் எர்ணாகுளம் முழுக்கச் சிரிப்பு. மூன்றாவது தடவையும் நின்றுபோனால் பெண்ணைப் பம்பாய் பேங்க் மாப்பிள்ளைக்குப் பேசி முடித்துவிடுவார்கள்.

இது மட்டாஞ்சேரி மெக்கானிக் நல்லசிவத்துக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் நின்றுபோன வண்டி இரண்டு தடவையும் அவருடைய ஷெட்டிலிருந்து புறப்பட்ட வண்டி.

வண்டியின் சொந்தக்காரரும் மாப்பிள்ளையும் வெங்கிடேஸ்வரன். மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் மானேஜர், வயது முப்பத்தொன்று. மலையில் தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருந்தார். ஐம்பத்திரண்டாம் வருஷத்து மாடல். கூரைக்குப் பதில் துணி, முன்னால் கண்ணாடி மாதிரி மின்னும் ரேடியேட்டர், பின்னால் முதுகில் மூட்டை கட்டியதுபோல் பெட்ரோல் டேங்க். எழுபத்தொன்பதாம் வருஷம் ஆவணி மாதத்தில் கொச்சியில் அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை என்று அவர் தரகரிடம் பெருமை பேசியிருந்தார். தரகர் அதை எர்ணாகுளம் தேவரையில் பெண் வீட்டில் போய் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லியிருந்தார்.

பெண் கனகாம்பாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு தடவை வாசலைப் பார்த்துக் கால் கடுத்த பிறகு தரகரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அனுப்பினாள். "அந்தக் கார் நிஜமா ஓடறதா, இல்லே அவர் வாயிலே மட்டும்தான் ஓடறதான்னு கேட்டுண்டு வாங்கோ."

அதற்குப் பிறகு டாக்ஸியில் போக முடியுமா? படகில் போக முடியுமா? காரில்தான் போயாக வேண்டும். சனிக்கிழமை நாலு மணிக்குள் போயாக வேண்டும்.

"நல்லசிவம், எங்க அம்மாவும் மாமாவும் ரெண்டு தடவை பஸ்ஸிலே முன்னாடி போய், என்னை விட்டுட்டு சொஜ்ஜி பஜ்ஜி தின்னுட்டு வந்தாச்சு. இனி ஒரு தடவை நின்னா அப்புறம் அவாளுக்கு பஜ்ஜியும் கிடைக்காது, மனசிலே வச்சுக்கும்" என்றார் வெங்கிடேஸ்வரன்.

"இந்தத் தடவை நிக்காது சாமி."

"போன தடவையும் இதையேதான் சொன்னீர்."

நல்லசிவம் தலையைச் சொறிந்தார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு வருஷமாக இந்த பஜாரில் எத்தனையோ வண்டிகளின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தவர். இப்படி ஒரு நோயை அவர் கண்டதில்லை. ஷெட்டில் வண்டி தங்கமாக ஓடும். மட்டாஞ்சேரி அரண்மனையைச் சுற்றி இரண்டு ரவுண்டு விட்டாலும் ஒரு தும்மல் கிடையாது. தோப்பும்படிப் பாலம் தாண்டி, துறைமுகம் இருக்கும் ஐலண்டு தாண்டி, வெண்டுருத்திப் பாலம் ஏறும்போதுதான் வம்பு. முதலில் படபடவென்று ஒரு மிஸ்ஸிங். பிறகு ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுவை இருக்காது. மூன்றாவது கியர், இரண்டாவது கியர், 'டப்' என்று ஒரு வெடி, அவ்வளவுதான். கம்பெனி லாரி வந்து கயிறு கட்டி இழுத்துவந்து ஷெட்டில் விட்டால், கழுவித் துடைத்துச் சாவி போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஒரே செல்ஃபில் கிளம்பிவிடும்.

முதல் தடவை பிளக்குகளையும் பாயிண்டையும் கண்டென்சரையும் மாற்றினார். இரண்டாவது தடவை புதுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது முனை வெளுத்திருந்தது. கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. ஆக, கரண்டில் குறை இல்லை, தீனியில்தான் குறை. கார்பரேட்டர் இரண்டையும் பிரித்துக் கழுவினார். பைப்பை ஊதினார். பெட்ரோல் பம்பைப் பிரித்துப் பூட்டினார். எங்கும் ஒரு தூசி கூட இல்லை.

"வண்டிக்கு எர்ணாகுளம் பிடிக்கலை போல" என்றாள் அவர் மனைவி மாடத்தி.

"நீ சும்மா கெட. இன்னைக்கு நானே கூடப் போறேன். எங்க வச்சு மடக்குதுன்னு பாத்துருதேன்."

"பொண்ணு பாக்கப் போற எடத்துக்கு இந்தக் கிரீஸ் சட்டையோடயா?"

நல்லசிவம் சட்டையை மாற்றிக்கொண்டார்.

மூன்று மணிக்கு டேங்க் வாய் வரைக்கும் பெட்ரோல் நிரப்பினார்கள். அந்த ஷெட்டிலிருந்து எந்த வண்டியும் பொட்டு வைக்காமல் வெளியே போகாது. லாரிக்கு நெற்றியில் வைப்பார். இந்த வண்டிக்கு அது நடக்கவில்லை. பளபளக்கும் ரேடியேட்டரில் சந்தனம் பட்டால் கறை பிடிக்கும் என்று வெங்கிடேஸ்வரன் முதல் நாளே தடுத்துவிட்டார். முன்னால் கூடாதென்றால் பின்னால் என்று நல்லசிவம் டேங்க் மூடியில் வைத்துவந்தார். மூன்றாவது தடவை என்பதால் மாடத்தி கல்லில் உரசி உரசி, தோசை மாவுப் பதத்தில் சந்தனம் கொண்டுவந்தாள். அவரும் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தினார்.

"போயிட்டு வாங்க சாமி, நல்லபடியா முடியும்" என்றாள் மாடத்தி.

வண்டி சுள்ளிக்கல் தாண்டியது. நல்லசிவம் கண்ணை மூடிக்கொண்டு காதால் வண்டியைப் பார்த்தார். தோப்பும்படிப் பாலத்தில் எஞ்சின் பாட்டுப் பாடியது. ஐலண்டில் காற்று முகத்தில் அடித்தது. வெங்கிடேஸ்வரன் முகத்தில் கூட ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

வெண்டுருத்திப் பாலம் வந்தது. படபடபட.

"ஐயோ, ஆரம்பிச்சாச்சு!"

"மிதிக்காதீங்க, மிதிக்காதீங்க! கியரை எறக்குங்க!"

இரண்டாவது கியர். டப். பாலத்தின் நட்ட நடுவில் சிவப்பு வண்டி படுத்துவிட்டது. மணி மூன்றே முக்கால். பின்னால் எர்ணாகுளம் பஸ் ஒன்று முட்டுவதுபோல் வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

"எந்தா ஆசானே, பாலம் விலைக்கு வாங்கியோ?"

"ஒரு மினிட்டு சேட்டா!" என்றார் வெங்கிடேஸ்வரன்.

"கழிஞ்ஞ ஆழ்ச்சயும் இதே ஒரு மினிட்டல்லே பறஞ்ஞது!"

போன வாரமும் இதே ஒரு நிமிஷம்தானே என்று அவர் கேட்டதற்குப் பஸ்ஸே சிரித்தது. வெங்கிடேஸ்வரன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். நல்லசிவம் இறங்கினார். சாவி போட்டிருந்தால் பெட்ரோல் பம்பு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருக்க வேண்டும். காதை வைத்துக் கேட்டார். 'டிக்' என்று ஒன்று. வெகு நேரம் கழித்து இன்னொன்று. இழுக்கப் பார்க்கிறது, இழுக்க முடியவில்லை. கரண்டு இருக்கிறது, பைப் சுத்தம், டேங்க் நிறையப் பெட்ரோல். பிறகு எது பிடித்து வைக்கிறது?

டேங்க் மூடியைத் திருகினார்.

உஸ்ஸ்ஸ்!

யாரோ தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கி மூச்சு வாங்கியதுபோல் டேங்க் காற்றை இழுத்தது. அடுத்த நிமிஷம் பம்பு டிக்டிக்டிக் என்று குஷியாக அடிக்க ஆரம்பித்தது.

நல்லசிவம் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே நடுவில் கடுகு போகிற அளவுக்கு ஒரு துளை இருக்க வேண்டும். பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகும். காற்று போகாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது. அந்தத் துளை இருந்த இடத்தில் வெயிலில் காய்ந்து சிமெண்டாகி இருந்தது சந்தனம். கழுவித் துடைத்த பிறகு ஷெட்டில் ஓட்டிப் பார்க்கும்போது பொட்டு கிடையாது. பொட்டு வைப்பது வழியனுப்பும்போது மட்டும்.

அவருக்குக் காது மடல் சுட்டது. நகத்தால் சுரண்டிவிட்டு, 'ஏதோ தூசி சாமி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"என்னாக்கும் அது?" என்று தலையைத் தூக்கிக் கேட்டார் வெங்கிடேஸ்வரன்.

"நான்தான் சாமி."

"என்ன, நீர்தான்?"

"வண்டியை நிறுத்துனது நான்தான். நான் வச்ச பொட்டு மூச்சை அடைச்சிருக்கு."

"ரெண்டு தடவையுமா?"

"மூணு தடவையும்."

வெங்கிடேஸ்வரன் மூடியைப் பார்த்தார், நல்லசிவத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். திட்டுவதற்கு நேரம் இல்லை. "ஏறும்வே!" என்றார். நல்லசிவம் ஒரு செம்புக் கம்பியால் துளையைக் குத்தி எடுத்து, மூடியைப் பூட்டி, தாவி ஏறினார். வண்டி சீறிக்கொண்டு பாலத்தை விட்டு இறங்கியது. பின்னாலிருந்து பஸ் முழுக்கக் கை தட்டியது.

நாலு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது தேவரையில் பெண் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். வழக்கம்போல் பஸ்ஸில் முன்னாடியே வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா கையில் மூன்றாவது சனிக்கிழமை பஜ்ஜியோடு எழுந்தே நின்றுவிட்டாள்.

பெண்ணின் அப்பா ரயில்வேயில் ரிடையர் ஆனவர், கால அட்டவணை பிறவி. "ரெண்டு தடவை ஏன் நின்னுதுன்னு கண்டுபிடிச்சாச்சோ?" என்று உட்காரும் முன்பே கேட்டார்.

'ஆயிற்று' என்று சொல்லிவிட்டுக் காப்பியை எடுத்திருக்கலாம். வெங்கிடேஸ்வரன் நடந்ததை நடந்தபடியே சொன்னார்.

"சந்தனப் பொட்டாலேயா நின்னுது? சிவ சிவா! இது என்ன சகுனம்?" என்று பெண்ணின் அம்மா கன்னத்தில் கை வைத்தாள்.

உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு. அதை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், கனகாம்பாள் தட்டோடு கூடத்துக்கே வந்துவிட்டாள். மாப்பிள்ளையைத் தாண்டி வாசலில் நின்றிருந்த நல்லசிவத்திடம்தான் முதலில் பேசினாள்.

"மூடியிலே ஓட்டை இருக்கறது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. பொட்டு வைக்கும்போது நான் மெக்கானிக்குங்கிற ஞாபகம் வரலை."

"இனிமே எங்கே வைப்பேள்?"

"ஸ்டெப்னி டயர் மேல."

"அப்போ நிக்காதே?"

"நிக்காதும்மா. நின்னா என்னைக் கேளுங்க."

கனகாம்பாள் அப்பாவைப் பார்த்தாள். "தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வரேன்பா. இத்தனை நாள் காக்க வெச்ச வண்டி."

அப்பா மாப்பிள்ளையின் மாமாவைப் பார்த்தார். மாமா பஜ்ஜியைப் பார்த்தார்.

"தெருமுனை வரைக்கும்தான்" என்றார் அப்பா.

வெங்கிடேஸ்வரனும் கனகாம்பாளும் ஏறியதும் வண்டி கிளம்பியது. அக்கம்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. தெருமுனையில் சிவப்பு மறைந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம். அப்பா வாசலுக்கு வந்து, படியிறங்கி, எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, ஆளைக் காணோம்? மறுபடியும் நின்னு போச்சோ?"

நல்லசிவம் காதைத் தீட்டிக்கொண்டார். தூரத்தில் எஞ்சின் ஒரு பிசிறில்லாமல் பாடிக்கொண்டிருந்தது. இரண்டாவது கியர் போய் மூன்றாவது விழுந்தது. சிறிது நேரத்தில் நாலாவதும் விழுந்தது. நாலாவது கியரில் யாரும் வண்டியைத் திருப்ப மாட்டார்கள்.

"இப்ப வந்துருவாங்க சாமி" என்று சொல்லிவிட்டு, வாசல் திண்ணையில் கனகாம்பாள் வைத்துவிட்டுப் போன தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார்.